கேற்றடியில் இரண்டு தடவை

ஆசிரியை மங்களேஸ்வரி அம்பிட்டியவிலுள்ள தன் வீட்டுக் கேற்றடிக்குக் காரைக் கொண்டுவரும்போது மட்டும் முன்விளக்குகள் இரண்டு தடவை அணைந்து எரிந்தன. மெக்கானிக் அழகையா வீட்டுக்கே வந்து டைனமோவையும் வயர்களையும் சோதித்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

“பற்றரியக் கழட்டிட்டுப் போறேன் டீச்சர். கடையில சார்ஜ் போட்டுப் பாப்போம்.”

“எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு என்ர மனுசன் ஹோர்ன் அடிக்கிறேல்லை. ரெண்டு தரம் லைற் அடிச்சால்தான் நான் கேற் திறப்பன்,” என்றாள் அவள்.

யாழ்ப்பாணம் போன கணவர் சோதிலிங்கம் மூன்று வருடங்களாகத் திரும்பவில்லை. அழகையா பற்றரியைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டையிலுள்ள தன் கடைக்குப் பஸ் ஏறினார்.

பொழுது சாயும்போது, முற்றத்தில் நின்ற காரின் விளக்குகள் பூட்டிய கேற்றின் மேல் இரண்டு தடவை எரிந்து அணைந்தன.

“ஓம், வாறன்,” என்று மங்களேஸ்வரி ஆணியில் தொங்கிய கேற்றுத் திறப்பை எடுத்துக்கொண்டு போனாள்.