ஜூனில் வந்த கேரல்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் ஐரினுக்குத் தெரிந்தாக வேண்டும். 1996 ஜூனில் ஒரு சாயங்காலம், ஜன்னலோர நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தவளுக்குக் வாசல் கேட்டருகே கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு கேட்டது. டீயை வைத்துவிட்டு ஓடினாள். வாசலில் ஒருவரும் இல்லை.

உள்ளே டமாரென்றது. பக்கத்து வீட்டு டென்சில் துடைத்துக்கொண்டிருந்த வேட்டைத் துப்பாக்கி வெடித்து, குண்டு அவள் நாற்காலியின் முதுகைத் துளைத்திருந்தது.

டென்சில் ஓடிவந்தான். "கர்த்தரே! தற்செயலா எழுந்தீங்களா ஆன்ட்டி?"

"கேரல் பாடினாங்கப்பா."

"ஜூன்லயா?"

"அதைப் பார்க்கத்தானேடா போனேன்!"

டென்சில் அன்றே துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்தான். கேரல்காரர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் ஐரினுக்கு இல்லை; கேட்டருகே ஒரு தட்டில் கேக் வைத்துவிட்டு, கதவைப் பூட்டி நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அந்தத் தட்டு, கழுவித் துடைத்து, சமையலறை அலமாரியில் இருந்தது.