இறுக்கிப் போட்ட கழுத்து

தலை மாட்டிக்கொண்டது.

ஸ்வெட்டருக்குள் நுழைந்த தலை மேலே வரவில்லை. கம்பளிக்குள்ளிருந்து ஒரு வீறல் கிளம்பியது. இரண்டு கைகளையும் தூக்கியபடி, முகம் மூடிப்போய், கட்டிலில் உட்கார்ந்து கத்தியது குழந்தை.

அவள் கதவைப் பார்த்தாள். தாழ் போட்டுத்தான் இருந்தது.

"ஷ்ஷ்... கண்ணுல்ல. என் செல்லம்ல."

சத்தம் கீழே கேட்டால் போச்சு. எல்லாம் போச்சு.

கோயம்புத்தூர். சித்திரை மாதம். மின்விசிறியே அனலைத்தான் வாரிக் கொட்டுகிறது. இந்த வெயிலில் ஒரு வயதுக் குழந்தைக்கு எவளாவது ஸ்வெட்டர் போடுவாளா? போட்டால், எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்க மாட்டார்களா?

கிளம்பத்தான் போகிறாள்.

நாளைக் காலை முதல் பஸ். குன்னூர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே அம்மா இருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து பழைய ஆஸ்பத்திரியில் மறுபடியும் நர்ஸ் வேலை. கூப்பிட்டுவிட்டார்கள்.

புருஷனிடம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. நம்ம கடை இருக்கறப்ப வெளிய எதுக்கு வேலை என்பான். சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்போடு எப்படிச் சண்டை போடுவது?

யாரும் அடிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. கீழே கடை, மேலே வீடு. குழந்தைகளுக்கு டிசைனர் உடுப்பு தைத்துக் கொடுக்கும் கடை. கல்யாணமான மறுமாதமே அவளுக்கென்று ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டார்கள். புது மருமகளுக்கு அத்தையின் பரிசாம்! அன்றைக்கு அதன் முன்னால் உட்கார்ந்தவள்தான்.

பொய் சொல்லக் கூடாது. அந்தத் துணிகள் அவளுக்கும் பிடிக்கும். ஆர்கன்சா, டிஷ்யூ, கலம்காரி. புதுக் கட்டைப் பிரித்தால் கை தானாகப் போய்த் தடவும். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும். பிடிக்காத இடமென்றால் எப்போதோ போயிருப்பாள்.

இந்தக் கம்பளி மட்டும் அவளுடையது. மெரினோ நூல், கையால் சாயம் தோய்த்தது, சாயங்கால மலையின் நீலம். குழந்தை தூங்கும்போது ஒளித்து ஒளித்துப் பின்னினாள். கழுத்தின் கடைசி வரியை முடிக்கும் நேரம் பார்த்துத்தானா அத்தை படியேறி வர வேண்டும்? பயந்த கை நூலை இறுக்கிவிட்டது. உடம்பெல்லாம் மெத்தென்று இழுபட்டது. கழுத்து மட்டும் ஒரு விரல்கூட விரியவில்லை.

மேலே இழுத்தாள். வரவில்லை. கீழே இழுத்தாள். காதில் மாட்டியது. வீறல் கூடியது.

கதவு இடிபட்டது.

"சாந்தினி! கொளந்த ஏன் இப்பிடி அளுவுது? கதவத் தொற அம்முணி!"

திறந்தாள். திறக்காமல் என்ன செய்ய?

அத்தை கையில் துணி வெட்டும் கத்திரியோடு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"ஐயோ சாமீ! என்னடா கண்ணு இது! நவுரு, வெட்டீரலாம்."

"வேண்டாங்க அத்தை! வெட்டாதீங்க!"

வெட்டின துணி வெட்டினதுதான். பின்னலைப் பிரிக்கலாம். நுனி கிடைத்தால் போதும். ஆனால் வெளியே தெரியாமல் நுனியை உள்ளே கோத்து மறைப்பதில் அவள் கெட்டிக்காரி. தன் கெட்டிக்காரத்தனத்தை நொந்துகொண்டே தடவித் தடவித் தேடினாள்.

அகப்பட்டது. பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். கழுத்து கண்ணி கண்ணியாக விட்டது. சிவந்து வேர்த்து, மூக்கு ஒழுக, முகம் வெளியே வந்தது. அம்மாவைப் பார்த்ததும் இன்னும் பெரிதாக அழுதது.

அத்தை கத்திரியை மெத்தைமேல் வைத்தாள்.

"ஆமா, இந்த வேகாத வெயில்ல கொளந்தைக்கு எதுக்கு அம்முணி சொட்டரு?"

சொல்லிவிடலாம். இப்போதே, முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

"கடைக்குத்தாங்க அத்தை. மாதிரிக்கு ஒண்ணு."

அவள் வாய்தான் சொன்னது.

அத்தை ஸ்வெட்டரை எடுத்தாள். உள்பக்கம் திருப்பினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"என்ன நூலு சாமி இது! வெண்ணையாட்ட இருக்குது. இத்தன கைவேலைய இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த? ஊட்டிக்குப் போறவங்க பாத்தா அள்ளீட்டுப் போயிருவாங்க."

இப்படி யாரும் அவளை மெச்சி எவ்வளவு காலம் ஆயிற்று! பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் குளிர்ந்தது.

அத்தை இடுப்பிலிருந்த டேப்பை உருவிக் குழந்தையின் தலையை அளந்தாள். ஒரு விரல் கூட்டியே அளவு சொன்னாள். பிரிந்து கிடந்த நூலைப் பொறுமையாகச் சுற்றி மருமகள் மடியில் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டத் தட்ட அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

"நீ கழுத்தச் சரியாப் போடு. அவசரப்படாத. இன்னிக்கு ராத்திரி இவ எங்கூடவே படுத்துக்கட்டும். காலையில நீயும் மெதுவா எந்திரி."

அவள் எழுந்தாள். மடியிலிருந்த நூல் உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று.

அத்தை வாசல் தாண்டிவிட்டாள்.

தோளுக்கு மேலே ஒரு சின்னக் கை எழுந்தது. விரல்களை மூடி மூடித் திறந்தது. டாட்டா காட்டப் போன வாரம்தான் பழகியிருந்தது குழந்தை.