வலைநூல் அளவு

மத்தியான வெயில் தகரக் கூரை ஓட்டைகளால் இறங்கி, முன் சில்லில்லாத பழைய மோட்டார் சைக்கிளில் புள்ளி புள்ளியாக விழுகிறது. அதைத் திருத்துகிற றஊப், முன் சில்லைத் தாங்கும் புதிய ஃபோர்க் குழாயை மறுபடியும் துளைக்குள் செருகுகிறான். அது பிடியாமல் வழுகுகிறது. பால்மாப் பேணியில் வெட்டிய தகரத்தைச் சுற்றியும் ஆடுகிறது. எதிரே சைக்கிளின் சொந்தக்காரர் கனகரத்தினம் குந்தியிருக்கிறார். அவருடைய மகன் பழைய குழாயின் சுற்றளவைப் பருத்தி வலைநூலால் அளந்துகொண்டு வள்ளத்தில் அக்கரைக்குப் போனான். கடல்நீரில் நூல் சுருங்கியதை அறியாமல் மெல்லிய குழாயை வாங்கி வந்தான். தடித்ததை வாங்கிவரத் திரும்பவும் போனான். அந்த வள்ளத்தின் பலகைகள் கரையொதுங்கி நாலு மாதமாகிறது. "அளவில்லாமல் போயிட்டான் தம்பி, அதுதான் அங்கை நிண்டு மினக்கெடுறான். புது நூலிலை அளந்து தா, அடுத்த வள்ளத்திலை குடுத்துவிடுறன்" என்கிறார் கனகரத்தினம். "ஓம் அண்ணை." வளைந்து கிடக்கும் பழைய குழாயை றஊப் மடியில் எடுத்து வைத்து நூலைச் சுற்றப் போகிறான். "பொறு, நனைச்சுப்போட்டு அள. கடல்வழியாலை போறதெல்லே." றஊப் நூலை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துகிறான். நிமிர்ந்து பாராமல், அது சுருங்கும்வரை காத்திருக்கிறான்.