கூப்பிடும் முன்னே

"அம்மா படம் இதுலதான்கா இருக்கு. இன்னைக்கே ஃபிரேம் போட்டுக் கொடுத்துடுங்க," என்று யுவராஜ் பென்டிரைவை நீட்டினான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்.

தாயைப் பறிகொடுத்தவன் முகம் புஷ்பவல்லிக்குத் தெரியாதா? பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் போட்டோ கடைக்குக் கல்யாணத்துக்காக வருகிறவர்களைவிடக் கருமாதிக்காக வருகிறவர்கள்தான் அதிகம்.

"எங்கேருந்து வரீங்க?"

"கிள்ளான்."

"அங்க கடை இல்லையா தம்பி?"

"அங்க எல்லாரும் தெரிஞ்சவங்கக்கா."

துக்கம் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்திருப்பான், பாவம். அவள் பென்டிரைவைக் கணினியில் செருகினாள். திறக்கவில்லை. புது பிரின்டரோடு ஓசியில் வந்த போட்டோ சாஃப்ட்வேர் முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்ள, திரை அப்படியே நின்றுவிட்டது.

"கெட்டுப்போச்சாக்கா? வேற காப்பி இல்லக்கா!" அவன் குரல் உடைந்தது.

"பென்டிரைவ் ஓகே லா. இந்தச் சனியன்தான். கம்ப்யூட்டரைத் தட்டுனா கூடவே எந்திரிச்சிடும். கூப்பிடுறதுக்கு முன்னாலயே ஓடி வந்து உக்காந்துக்கும், அவசரக்குடுக்கை!"

யுவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். துக்க வீட்டுக்காரன் எதிரில் இப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணினியோடு சேர்ந்து எழும் பட்டியலிலிருந்து அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி தட்டினாள். இப்போது படங்கள் சமர்த்தாகத் திறந்தன. அவன் ஒன்றைக் காட்டினான்.

"பேரு?"

"இராஜம்மா."

"தோற்றம்?"

பிறந்த தேதியைச் சொன்னான்.

"மறைவு?"

"அந்த இடத்தை மட்டும் காலியா விட்டுடுங்கக்கா. அப்புறம் எழுதிக்கலாம்."

"குருக்கள்கிட்ட திதி கேட்டுப் போடணுமா?"

"ம்… ஞாயித்துக்கிழமை எனக்கு மெல்பர்ன் ஃப்ளைட். வீட்ல எங்க அக்கா புனிதா பார்த்துக்குவாங்க."

தாய் காரியத்துக்குக்கூட நிற்க முடியாத பிழைப்பு என்ன பிழைப்போ! பெற்றவளை நினைத்து அவளுக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தில் விறுவிறுவென்று படத்தை அச்செடுத்து, கண்ணாடி பொருத்தி, அவன் கையில் கொடுத்தாள்.

மேசை மேல் அவன் கைப்பேசி அலறியது. வீட்டு நம்பர். இரண்டு கையாலும் படத்தைப் பிடித்திருந்தவன், அக்காதான் என்று நினைத்து விரல் நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

மூச்சு வாங்கும் மெல்லிய குரல் கடை முழுக்கக் கேட்டது.

"யுவராஜு, அம்மாதான்யா பேசுறேன்… சிரிக்கிற படமா பார்த்துப் போடுய்யா."