குருமூர்த்தி வைத்த காது

கபடி அணிக்கென்று தனியாக ஒரு மனநல ஆலோசகரை நியமித்ததும், ஓசூர் சிப்காட்டில் அந்தத் தொழிற்சாலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. மனிதவளத் துறை மேலாளர் குருமூர்த்தி அதற்காக மேடையேறிப் பொன்னாடைகூட வாங்கிக்கொண்டார்.

வீரர்களின் மனசு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு காது.

தொழிற்சாலையில் யாரோ சங்கம் தொடங்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அது மட்டும் நடந்துவிட்டால், அவர் வெகுநாளாகக் குறி வைத்திருந்த பெங்களூர்ப் பதவி கைநழுவிவிடும். கபடிக்காரர்கள் எல்லா ஷிப்டிலும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல் அங்கே எதுவும் நடக்காது. அவர்கள் மனம்விட்டுப் பேச ஓர் அறையும், கேட்க ஓர் ஆளும் இருந்தால் போதும் என்று குருமூர்த்தி நினைத்தார்.

அந்த ஆள்தான் வஜிஹா. கிருஷ்ணகிரிப் பெண். விளையாட்டு உளவியல் படித்துவிட்டு ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தாள்.

"பசங்க என்னாம்மா சொல்றாங்க?" முதல் மாதமே கேட்டார்.

"அதைச் சொல்லக் கூடாதுங்க சார். என்னை நம்பிப் பேசறாங்க."

"உனக்குச் சம்பளம் அவங்களா தர்றாங்க?"

"கம்பெனிதான் தருது. ஆனா என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றது அவங்கதானுங்களே."

குருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அவர் பார்த்த நேர்மையெல்லாம் ஒப்பந்தம் முடிகிற மாதம் வரைக்கும்தான் தாங்கியிருக்கிறது. அவர் அவசரப்படவில்லை.

அந்த மாதமும் வந்தது.

"உன்னைப் பர்மனென்ட் பண்ணலாம்னு இருக்கேன். சங்கம் கட்டறவன் யாரு? ஒரே ஒரு பேரு. அப்புறம் உன் ரூம் பக்கமே வர மாட்டேன்."

வஜிஹா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மாதேஷ்" என்றாள்.

குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். மாதேஷ்தான் அணியின் முதல் ரெய்டர். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பாதவன். அடுத்த வாரம் தொழிற்சாலைகளுக்கு இடையிலான கோப்பையின் இறுதிப் போட்டி.

"அவனா? வாயே திறக்க மாட்டானே."

"வேப்பனப்பள்ளிக்காரர் சார். தமிழு, தெலுங்கு, கன்னடம், மூணும் தாய்ப்பாஷை மாதிரிதான். யாரோட வேணா உக்காந்து பேசுவாரு."

அது போதும். அங்கே இத்தனை காலம் சங்கம் வராமல் இருந்தது குருமூர்த்தியின் திறமையால் அல்ல. மூன்று மொழிக்காரர்களும் கேன்டீனில் தனித்தனி மேசையில் சாப்பிட்டதால். மாதேஷ் மூன்று மேசையிலும் உட்கார்ந்து சாப்பிடுவதை அவரே பார்த்திருக்கிறார்.

"கோப்பையை வேற தூக்கிட்டாருன்னா மொத்த ஷிப்டும் அவரு பின்னாடி போயிடும் சார்" என்றாள் வஜிஹா.

"கோப்பை அடுத்த வருசம்கூட வரும். சங்கம் வந்துச்சுன்னா போகாது. இன்னைக்கே அனுப்பிடறேன்."

"பாண்டு இருக்கே சார். அஞ்சு வருசம் இங்கதான் வேலை, இங்கதான் ஆட்டம்னு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு. நடுவுல நீங்களா அனுப்பினா அதை வெச்சே கோர்ட்டுக்குப் போவாரு. பேப்பர்ல வந்துடும்."

குருமூர்த்தி அவளை இரக்கத்தோடு பார்த்தார். இவ்வளவு படித்தும் உலகம் தெரியவில்லை.

"பாண்டையே ரத்து பண்ணிட்டா? அப்புறம் எதை வெச்சுக் கோர்ட்டுக்குப் போவான்?"

"அது எனக்குத் தோணலை சார்" என்றாள் அவள்.

சாயங்காலம் மாதேஷை வரச் சொன்னார்.

"தம்பி, நீ பண்றது எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. பாண்டை ரத்து பண்ணியாச்சு. இனிமே நீ யாரோ, நாங்க யாரோ."

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. குருமூர்த்தி தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த அளவுக்கு அவரிடமும் ஈரம் உண்டு.

"சரிங்க சார், உங்க இஷ்டம்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான்.

இறுதிப் போட்டியில் அணி மண்ணைக் கவ்வியது. சங்கம் வரவில்லை. தான் முளையிலேயே கிள்ளிவிட்டதாகக் குருமூர்த்தி மேலிடத்தில் சொல்லிக்கொண்டார். வஜிஹாவின் வேலை நிரந்தரமானது. அவள் எதிரே வரும்போதெல்லாம் அவர் மனசுக்குள் காறித் துப்பினார். நம்பி வந்தவனை ஒரு வேலைக்காக விற்றவள். ஆனாலும் இப்படிப்பட்டவர்களை அவருக்குப் பிடிக்கும். இவர்களிடம் பேரம் பேசுவது சுலபம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கேன்டீனில் ஒரே கூச்சல். குருமூர்த்தி எட்டிப் பார்த்தார். பெங்களூர் அணி ஒன்றின் உடையில், டிவியில் மாதேஷ் பாடிப் போய்க்கொண்டிருந்தான். போன வருடமே இந்த அணி அவனை அழைத்ததாகவும், பழைய கம்பெனியின் பாண்டு குறுக்கே நின்றதால் வர முடியவில்லை என்றும் வர்ணனையாளர் சொன்னார்.

"இம்மா நல்ல ஆட்டக்காரனை ஏன் சார் வுட்டீங்க?" என்றாள் சாம்பார் வாளியோடு நின்ற மங்கம்மா.

குருமூர்த்தி நேராக வஜிஹாவின் அறைக்குப் போனார்.

"சங்கம் கட்டறான்னு சொன்னியேம்மா. அவன் அங்க ஆடிக்கிட்டிருக்கான். உன்கிட்ட வந்து அதைத்தானே பேசினான்?"

"சங்கத்தைப் பத்தி அவரு ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லைங்க சார். அவரு என்ன பேசினாரோ, அதை மட்டுந்தான் நான் உங்ககிட்ட சொல்லலை."