தர்பூசணிக்கு ஒரு பெல்ட்

"காலித் தொட்டில ஆட்டக் கூடாதும்மா. மலைக்கு அந்தப் பக்கம் நாரின் ஊர் வரைக்கும் இந்த ரோட்டுல ஆடாம எப்படிப் போவேன்?" என்றார் எசென்.

அவருடைய வாடகை வண்டியின் பின்சீட்டில், சவாரிக்கு வந்த ஜீபெக் கொண்டுவந்து மாட்டிய குழந்தை சீட் காலியாக இருந்தது.

அவள் இறங்கிப் போனாள். பிஷ்கெக் பேருந்து நிலைய வாசலில் குவித்து வைத்திருந்த தர்பூசணிகளில் ஒன்றை வாங்கிவந்து அதில் உட்கார வைத்தாள். பெல்ட்டை மாட்டி இழுத்தாள். பெல்ட் தளர்வாக இருக்கிறதா என்று விரலால் கிள்ளிப் பார்த்தாள்.

"கிள்ளினா மடிப்பு வரக் கூடாது," என்றாள், பழத்துக்குச் சொல்வதுபோல.

எசெனுக்கு வேடிக்கையாக இருந்தது. காலையில்தான் மாஸ்கோவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். நாரினில் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு இதே வண்டியில் திரும்ப வேண்டுமாம்.

யார் பிள்ளை என்று கேட்டார். பதில் வேறு எதற்கோ வந்தது.

"அவ வர சம்மதிச்சாத்தான்."

மலை ஏறத் தொடங்கியதும் பின்னால் ஒரு சத்தம் ஆரம்பித்தது. டக், டக்.

கண்ணாடியில் பார்த்தார். குழந்தை சீட்டின் ஹெட்ரெஸ்ட்டை இரண்டு படி ஏற்றியிருந்தாள். தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். ஒரு படி இறக்கினாள். அதோடு தோள் பெல்ட்டும் இறங்கியது.

வழியில் கோச்கோர் ஊர் வருவதற்குள் பல முறை ஏறி இறங்கிவிட்டது. புது சீட், பழக்கமில்லை போலிருக்கிறது.

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் பின்கதவைத் திறந்தார்.

"தள்ளும்மா, நான் சரியா மாட்டித் தரேன். ரெண்டு பேரப் பசங்கள வெச்சு ஓட்டுறவன்."

சீட்டைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. வண்டிதான் ஆடியது.

"மாஸ்கோல நான் வேலை பாத்த வீட்டுப் பையன வருஷக்கணக்கா மாட்டி எறக்கியிருக்கேண்ணே. கண்ண மூடிக்கிட்டு மாட்டுவேன். மொதல்ல உங்க ஹெட்ரெஸ்ட்ட ஏத்துங்க. கழுத்துக்கு நிக்குது. எவனாவது பின்னாடி வந்து இடிச்சா தலை எங்க போய்ச் சாயும்?"

"என்ன இடிக்கணும்னா மொதல்ல என்ன எட்டிப் பிடிக்கணுமே!"

அவள் சிரித்தாள். ஆனால் வண்டி கிளம்பியதும் மறுபடி, டக்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு எது தெரியவில்லை? கணவாயில் ஏறி இறங்கும்வரை எசெனுக்கு அதே யோசனை.

நாரினில், ஆற்றோரத் தெருவில், ஒரு நீலக் கதவைக் காட்டினாள். வண்டி நின்றது. அவள் பின்கதவைத் திறந்தாள்; இறங்கவில்லை. கை ஹெட்ரெஸ்ட்டிலேயே இருந்தது.

"அண்ணே, அஞ்சு வயசுப் பொண்ணு எவ்வளவு உயரம் இருப்பா?"

"என்னம்மா கேள்வி இது? போன்ல பாத்ததில்லையா?"

"தெனமும் பாக்குறேன். போன்ல மொகம் மட்டுந்தான் தெரியுது." பெல்ட்டின் நுனியை விரலில் சுற்றினாள். "நான் கெளம்பினப்ப மடியில கெடந்தா."

எசென் கையை நீட்டி ஓர் உயரம் காட்டினார். கொஞ்சம் ஏற்றினார். பிறகு இறக்கினார்.

நீலக் கதவு திறந்தது. அண்ணி வந்தாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

ஜீபெக் சிறுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். கைகளை, முழங்காலை, செருப்பில்லாத பாதங்களைப் பார்த்தாள்.

டக், டக், டக். ஹெட்ரெஸ்ட் மேலே கடைசிப் படிக்கு ஏறியது.

சிறுமி பாவாடையை விட்டாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து, திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மாவை அல்ல, சீட்டை. வெகுநேரம்.

"நான் இதுல உக்காந்தா," என்றாள், "இந்தப் பழம் எங்க உக்காரும்?"

எசென் எட்டி, காலியாக இருந்த முன்சீட்டின் பெல்ட்டை இழுத்தார்.