டிரைவர் அடித்த ஹார்ன்

மைதானத்துக்கு வெளியே நின்ற டீம் பஸ்ஸில் டிரைவர் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியப்போகும் நேரம். எதிர் டீமின் எட்டாம் நம்பர்க்காரி நடு மைதானத்திலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டாள். டிரைவர் தன்னை மறந்து ஹார்னை அமுக்கினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

தோற்ற பெண்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். கடைசியாகக் கோச்சம்மா வந்தார்.

"நாம தோத்ததுக்கு ஹார்ன் அடிச்சீங்களாமே? அந்த டீம் மேல பந்தயம் கட்டியிருக்கீங்களா?"

"கை பட்டுடுச்சு மேடம்."

"அவ்வளவு நேரமாவா பட்டுச்சு?"

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டார் டிரைவர். உண்மையைச் சொன்னால் இன்னும் வம்பு. கோச்சுகளை அவர் என்றைக்குமே நம்பியதில்லை.

கோச்சம்மா பெருமூச்சு விட்டார். "நாலு வருஷமா அந்த எட்டாம் நம்பர் நம்மள அழ வைக்கிறா. அதான் அடுத்த சீசனுக்கு அவளை நம்ம டீமுக்கே எடுத்துட்டோம். இப்பதான் உள்ள கையெழுத்துப் போட்டா. பஸ்ல அவளுக்கு நல்ல சீட்டா ஒண்ணு ஒதுக்குங்க."

டிரைவர் மறுபடி ஹார்னை அமுக்கினார். இந்தத் தடவை கையை எடுக்கவே மனசில்லை.

"எனக்குப் பின்னாடி சீட்டுதான் மேடம். நான் ஸ்கூல் பஸ் ஓட்டின காலத்துலேருந்து என் பொண்ணு அங்கதான் உட்காருவா."